ஏழாம் அட்டையில் டிராகன் இல்லை

நியூ நார்ஃபோக், டாஸ்மேனியா
14 மார்ச் 1979

மதிப்பிற்குரிய திரு. என். விக்கரி அவர்களுக்கு,

என் பெயர் ஹியூபர்ட் ப்ரௌஸ். 'ஏழு கிணற்று நாடு' என்ற நாவலை எழுதியவன். அதற்கு அட்டை வரைந்தவர் நீங்கள் என்று பதிப்பகம் சொல்கிறது. அட்டையைப் பார்த்தால் நம் இருவருக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

நேற்று பொட்டலத்தைப் பிரித்ததும் வேறு யாருடைய புத்தகமோ தவறி வந்துவிட்டதென்று நினைத்துத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன். பொட்டலத்தின் கிழிசலில் புத்தக முதுகும் அதில் என் பெயரும் தெரிந்தபிறகுதான் மறுபடியும் பிரித்தேன்.

என் கதாநாயகி இஸ்ரா அறுபதைத் தாண்டிய நீதிபதி. மூட்டுவலிக்காரி. கம்பளிப் போர்வை இல்லாமல் எந்தப் பக்கத்திலும் அவள் வருவதில்லை. நீங்கள் வரைந்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நேற்றுதான் வந்திருப்பாள் போலிருக்கிறது. பனிக்காற்றில் இரண்டு தகரத் தட்டும் ஒரு சங்கிலியும் உடுத்திக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு பச்சை டிராகன் நெருப்பைக் கக்குகிறது.

ஐயா, என் நாவலில் டிராகன் கிடையாது. ஓர் ஆடு உண்டு. அதுவும் இரண்டாம் அத்தியாயத்தில் செத்துப்போகிறது. இது மரமில்லாத மேட்டு நிலத்தில் தண்ணீருக்காக நடக்கும் ஒரு வழக்கின் கதை. இல்லாத ஓர் ஊரை, அதன் சட்டங்கள், அளவைகள், வசவுகள் உட்பட, பள்ளியில் லத்தீன் கற்பித்த மிச்ச நேரத்தில் உட்கார்ந்து கட்டியிருக்கிறேன். அதன் வாசலில் நீங்கள் ஒரு கேளிக்கைக் கூடாரத்தை அடித்திருக்கிறீர்கள்.

ஒரே கேள்வி. புத்தகத்தைப் படித்தீர்களா?

ஹியூபர்ட் ப்ரௌஸ்


நார்லேன், ஜீலாங்
2 ஏப்ரல் 1979

ப்ரௌஸ் வாத்தியாருக்கு,

'ஐயா' இல்லை. நான் பெண். நோலீன் விக்கரி.

படித்தேன். பதினோரு பக்கம். பன்னிரண்டாம் பக்கத்தில் உங்கள் நீதிபதி வாளியின் கொள்ளளவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நான் தூங்கிவிட்டேன். தூக்கம் வராத என் சித்திக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன். அவளும் உங்களை வாழ்த்துகிறாள்.

சிட்னியிலிருந்து உங்கள் பதிப்பகத்து க்ளைவ் போன் செய்ததை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள்.

"நோல், ஒரு பொண்ணு, ஒரு டிராகன், பின்னாடி கொஞ்சம் மலை. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துரு."

"கதை என்னப்பா?"

"கிணறு கிணறுன்னு என்னமோ எழுதியிருக்கான். அதை எவன் பாக்கப்போறான்? நீ டிராகனைப் போடு."

போட்டேன். அந்த டிராகனைக் கேளிக்கைக் கூடாரம் என்றீர்களே, அதன் ஒவ்வொரு செதிலும் நிஜம். எங்கள் கொல்லையில் நீலநாக்கு அரணை ஒன்று இருக்கிறது. அதைச் செருப்புப் பெட்டியில் போட்டுக் கொஞ்ச நேரம் ஐஸ்பெட்டியில் வைத்தால் குளிரில் அசையாமல் நிற்கும். அதற்குள் வரைந்துவிட வேண்டும். வரைந்ததும் வெயிலில் விட்டால் திட்டிக்கொண்டே போய்விடும். அன்றைக்கு அம்மா பால் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்தாள். பெட்டியின் மூடி நழுவியிருந்தது.

"அடியே நோலீன்! வெண்ணெய்க்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னை மொறைக்குதுடி இது!"

நான் கலைக் கல்லூரியின் பக்கமே போனதில்லை. அப்பா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். கறிக்கடைப் பலகையில் எழுத்துக்கு நிழல் போட்டுத்தான் தூரிகை பிடிக்கக் கற்றேன். பிறகு கார் தொழிற்சாலையில் இருக்கை தைத்தேன். இப்போது பையன்கள் கடற்கரைக்கு ஓட்டிப்போகும் வேன்களின் பக்கவாட்டில் காற்றுத் தூரிகையால் படம் ஊதுகிறேன். டார்க்கி கடற்கரையில் அப்படி ஒரு வேனைப் பார்த்துத்தான் க்ளைவ் என்னைப் பிடித்தார். அந்த வேன் உங்கள் நாவலை விட வேகமாகப் போகும்.

நோலீன் விக்கரி


நியூ நார்ஃபோக்
20 மே 1979

செல்வி விக்கரிக்கு,

உங்கள் சித்தியின் உறக்கத்துக்கு உதவியதில் மகிழ்ச்சி. இலக்கியத்துக்கு இதைவிடக் கேவலமான பயன்கள் உண்டு. உதாரணமாக, அதற்கு நீங்கள் அட்டை வரையலாம்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் எந்த அட்டையும் அச்சாகக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது கவனிக்கவில்லை. உடனே க்ளைவை அழைத்து, அடுத்த புத்தகத்தில் டிராகன் கூடாது, அதை வரைந்தவரும் கூடாது என்றேன்.

"சார், ஒரே மாசத்துல கடையில ஒரு பிரதி மிச்சமில்ல. அது உங்க வாளிக்காகன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்களா? டிராகன் போச்சுன்னா புத்தகமும் போச்சு. எது வேணும், நீங்களே சொல்லுங்க" என்றான்.

ஒப்புதல் கொடுத்துவிட்டேன். கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய ஒப்புதல் அது. கத்தியின் பெயர் விக்கரி. இனி ஒவ்வொரு அட்டைக்கும் என் வசவு தபாலில் வந்து சேரும்.

ஹி. ப்ரௌஸ்


நார்லேன்
9 ஆகஸ்ட் 1983

வாத்தியாரே,

மூன்று அட்டை, மூன்று வசவு. நன்றாகவே திட்டுகிறீர்கள். இரண்டாவதில் குதிரைக்கு முழங்கால் பின்பக்கம் மடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது குதிரை இல்லை, குதிரைமேல் போர்த்திய துணி. மூக்குக் கண்ணாடியை மாற்றுங்கள்.

இந்தத் தடவை நான் ஒன்று கேட்க வேண்டும். கேட்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

நான் வரையும் டிராகன் என்னுடையது இல்லை. அது க்ளைவுடையது. வேன் பையன்களுடையது. பச்சை, சிறகு, நெருப்பு. அதை வரைந்து வரைந்து கைக்கு அலுத்துப் போய்விட்டது. பல் விளக்கிக்கொண்டேகூட வரைவேன். என் டிராகன் வேறு.

நாங்கள் நார்லேனில் அரசு கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. முதல் நாள் விடியும்போது பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒரே சமவெளி, தரையோடு தரையாகப் பனி. அதற்கு அப்பால் யூ யாங்ஸ் குன்றுகள். எனக்கு அவை குன்றென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் நீளமாக என்னமோ படுத்திருந்தது. முதுகு தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, தலையை முன்காலில் வைத்திருந்தது. அதன் வயிறு ஒரு தடவை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பயமே வரவில்லை. யாரோ நமக்காகப் படுத்திருக்கிறார்கள் என்று இருந்தது.

அப்பாவின் பலகை ஒன்றின் பின்பக்கத்தில் அதை வரைந்தேன். அப்பா பார்த்தார்.

"என்னடி இது?"

"டிராகன்ப்பா."

"றெக்கை இல்ல, நெருப்பு இல்ல, இது டிராகனா? சாப்பிட்டுட்டு மல்லாந்து கிடக்கிற பன்னி மாதிரி இருக்கு."

அதன்மேலேயே வெள்ளையடித்து 'ஆட்டுக்கறி இன்று மலிவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கடை வாசலில் என் டிராகன் வருஷக்கணக்கில் தொங்கியது. அதன்பிறகு எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். வேன் பையன்களிடம் காட்டினால், "நோல், படுத்திருக்கே, உடம்புக்கு முடியலையா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே சிறகை ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

நான்காம் அட்டையில் அதை வரைய விடச் சொல்லுங்கள். ஒப்புதல் வரி உங்கள் கையில் இருக்கிறது. சிறகு வேண்டாம், நெருப்பு வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் க்ளைவ் கேட்பார். எனக்கு இது ஒன்றுதான் வேண்டும்.

நோலீன்


நியூ நார்ஃபோக்
1 செப்டம்பர் 1983

செல்வி விக்கரிக்கு,

முடியாது.

டிராகனே வேண்டாம் என்று நான்கு ஆண்டுகளாகக் கத்துகிறவனிடம் வந்து, வேறு டிராகன் போடட்டுமா என்று கேட்கிறீர்கள். பொய்யை நிற்க வைத்தாலும் பொய், படுக்க வைத்தாலும் பொய். மலையை மிருகம் என்று நினைப்பது ஒன்பது வயதில் அழகு. நாற்பது வயதில் அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் தந்தையாரின் விமரிசனத்தில் நான் திருத்த ஒன்றுமில்லை. கறிக்கடைக்காரருக்காவது அந்தப் பலகையால் பயன் இருந்தது.

க்ளைவிடம் நான் பேசினால் ஒன்றுதான் பேசுவேன். டிராகனை எடு. அவ்வளவுதான்.

ஹி. ப்ரௌஸ்


நார்லேன்
17 ஜூன் 1988

ப்ரௌஸுக்கு,

ஐந்து வருஷமாகப் பதில் எழுதக் கூடாதென்று இருந்தேன். உங்கள் வசவுகளைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தன, உள்ளே அவ்வளவு காய்ந்த சரக்கு.

இன்றைக்குத் திட்ட வேறு ஆள் கிடைத்ததால் எழுதுகிறேன். ஊர்க் கலைக்கூடத்தில் கண்காட்சி வைக்க என் படங்களைக் கொண்டுபோனேன். உங்கள் அட்டைகளோடு, அடியில் என்னுடைய சாம்பல் டிராகனும் இருந்தது, சின்னதாக. அங்கே கழுத்தில் பெரிய மரமணி போட்ட ஒரு பெண்மணி.

"ரொம்பக் கஷ்டப்பட்டு வரைஞ்சிருக்கீங்க, தெரியுது. ஆனா இது பனியன்ல போடுற படம்மா. இந்த மாதிரி புத்தகம் படிக்கிறவங்க கலைக்கூடத்துக்கு வரமாட்டாங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் உங்களையும் என்னையும் ஒரே குப்பைத்தொட்டியில் போட்டாள், கவனித்தீர்களா? சாம்பல் டிராகனை அவள் பார்க்கவேயில்லை. அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தாள்.

போன மாதம் மெல்பர்னில் உங்கள் வாசகர்கள் கூடினார்கள். வேஷம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். டிராகனாக ஒன்பது பேர், தகரத் தட்டுப் பெண்ணாக நாலு பேர், அதில் ஒருவன் தாடிக்காரன். நீதிபதி இஸ்ராவாக ஒருவரும் வரவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

நோலீன்


நியூ நார்ஃபோக்
4 ஜூலை 1988

செல்வி விக்கரிக்கு,

தாடிக்காரனைப் பற்றிய தகவலுக்கு நன்றி. என் துக்கத்துக்கு அது ஒன்றுதான் குறைவாக இருந்தது.

ஹோபர்ட் இலக்கிய மாலையில் சென்ற வாரம் என்னை மேடைக்கு அழைத்தவர், "நம்ம டிராகன் ப்ரௌஸ்" என்று அழைத்தார். கைதட்டினார்கள். ஒரு கவிஞர் நெருப்புக் கக்குவது போல ஊதிக் காட்டினார். அவர் புத்தகம் அவருடைய மனைவிகூட வாங்காதது.

மரமணிப் பெண்மணி ஒரு மூடம். கோப்பையை வைக்கும் முன் எதன்மேல் வைக்கிறோம் என்று பார்ப்பது கலைக்கூடத்தில் அடிப்படை ஒழுங்கு. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹி. ப்ரௌஸ்


நியூ நார்ஃபோக்
11 நவம்பர் 1994

செல்வி விக்கரிக்கு,

ஏழாவது புத்தகத்துக்கு நீங்கள் அட்டை வரையக் கூடாது. காரணம், ஏழாவது புத்தகம் இல்லை.

விற்பனைக்காரர்கள் கடை கடையாகக் காட்டுவதற்குப் புத்தகம் வரும் முன்பே அட்டை வேண்டுமாம். இதுவரை நான் முந்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு வரிகூட எழுதவில்லை. தாளை எடுத்து வைத்தால் இஸ்ரா வர மறுக்கிறாள். அவள் இடத்தில் உங்கள் தகரத் தட்டுக்காரி வந்து நிற்கிறாள். வாசகர் கடிதங்கள் வருகின்றன. வாளியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. 'ஏழாவதிலாவது டிராகன் வருமா?' கல்குர்லியிலிருந்து கேட்கிறார்கள், கெய்ன்ஸிலிருந்து கேட்கிறார்கள். ஒரு சிறுமி 'அது ஒளிந்திருக்கிறதா, தாத்தா?' என்று கேட்டிருக்கிறாள்.

இல்லாததை ஆறு தடவை வாசலில் நிறுத்தினீர்கள். இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அதனால் வரையாதீர்கள். அட்டை இல்லையென்றால் நான் எழுத வேண்டியதும் இல்லை. நிம்மதியாகச் சாகலாம்.

ஹி. ப்ரௌஸ்


நார்லேன்
28 நவம்பர் 1994

ப்ரௌஸுக்கு,

எழுத வரவில்லை என்பதற்கு என்னைக் காரணம் காட்டுகிறீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்களை நினைத்து. இருபது வயதுப் பையன் சிணுங்கினால் பரவாயில்லை. நரைத்த லத்தீன் வாத்தியார் ஒருவர், அட்டைப்படம் அடித்துவிட்டது என்று அழலாமா?

க்ளைவ் இன்று காலை பேசினார்.

"நோல், இந்தத் தடவை கதையே இல்ல. நீ எதை வேணாலும் வரை. அந்தாளு அதுக்குத் தக்கபடி எழுதிக்கட்டும்."

"எதை வேணாலும்னா?"

"எதை வேணாலும். பாத்து நல்லா பண்ணு. ஒனக்கு இதுதான் கடைசி. அடுத்ததெல்லாம் கம்ப்யூட்டர்லயே போட்டுருவாங்க."

கேட்டீர்களா? கடைசி அட்டை, எதை வேண்டுமானாலும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் பிச்சை கேட்டேன். தரவில்லை. இப்போது உங்கள் தயவு தேவையில்லை. என் டிராகனை வரையப் போகிறேன். சிறகில்லாமல், நெருப்பில்லாமல், படுத்தபடி. நீங்கள் உட்கார்ந்து அதற்குக் கதை எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள்.

நோலீன்


நியூ நார்ஃபோக்
22 ஆகஸ்ட் 1995

செல்வி விக்கரிக்கு,

இத்துடன் ஏழாம் நாவலின் தட்டச்சுப் பிரதி. க்ளைவுக்கும் ஒன்று போகிறது. உங்கள் அட்டையை நான் பார்க்கவில்லை. பார்க்கும் முன்பே எழுதி முடித்துவிட வேண்டுமென்று முடித்தேன். நீங்கள் வரைந்ததைப் பார்த்து நான் எழுதினேன் என்று பின்னால் யாரும் பல்லைக் காட்டக் கூடாது.

கடைசி அத்தியாயத்தைப் படியுங்கள். பதினோரு பக்கம்தான், உங்கள் கொள்ளளவு எனக்குத் தெரியும். படிக்க மாட்டீர்கள் என்பதால் ஒரு பத்தியை இங்கே தருகிறேன்.

'ஏழாம் கிணறும் வற்றியிருந்தது. இஸ்ரா கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள். விடிந்தபோது பனிக்குமேல் அது தெரிந்தது. இத்தனை நாள் எல்லைக்கல் என்று அவள் தீர்ப்புகளில் எழுதிவந்த குன்று. தலையை முன்காலில் வைத்துப் படுத்திருந்தது. சிறகு இல்லை. நெருப்பு இல்லை. வயிறு ஒரு தடவை ஏறி இறங்கியது. இந்த நாட்டின் தண்ணீரெல்லாம் அதன் மூச்சின் ஈரம் என்பது அவளுக்குப் புரிந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. யாரோ தனக்காகப் படுத்திருக்கிறார்கள் என்று இருந்தது.'

திருடியிருக்கிறேன். உங்கள் 1983ஆம் ஆண்டுக் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. அது பொய் என்று அன்றைக்கு எழுதினேன். எழுதிப் பார்த்தபோது, ஆறு புத்தகங்களில் நான் கட்டிய எதையும்விட அது உறுதியாக நின்றது. எரிச்சலாக இருக்கிறது.

ஹி. ப்ரௌஸ்


நார்லேன்
21 ஆகஸ்ட் 1995

ப்ரௌஸுக்கு,

அட்டை முடிந்தது. க்ளைவுக்கு அனுப்பிவிட்டேன். உங்களுக்கு ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன்.

டிராகன் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடாதீர்கள், இல்லை.

என் டிராகனைத்தான் வரைய உட்கார்ந்தேன். அது எவ்வளவு பெரிதென்று தெரிய முன்னால் ஓர் ஆள் வேண்டும். சரி, கிழவியைப் போடலாம் என்றால் அவள் போர்வை என்ன நிறம்? அதற்காக முதல் புத்தகத்தை எடுத்தேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் மழை. ஆறையும் படித்துவிட்டேன். மூன்றாவது ஒரு மூட்டை மரத்தூள். ஐந்தாவதில் வரும் அந்தக் காதல் காட்சியை எழுதியவர் காதலித்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் நாலாவதில் ஒரு தகப்பன் தண்ணீர் திருடிய தன் மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னதும், இஸ்ரா தீர்ப்பை எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு அந்தத் தகப்பனுக்குச் சூப் கொடுக்கிறாளே, அங்கே எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவளுக்கா இத்தனை வருஷம் தகரத் தட்டு மாட்டினேன் என்று.

அதன்பிறகு அவளை ஒழுங்காக வரைந்தேன். பழுப்புப் போர்வை, வீங்கிய முழங்கால், வறண்ட கிணற்றுச் சுவரில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் டிராகனைப் போட்டால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அவளை மறுபடியும் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

இதைத் தியாகம் என்று நினைத்து உருகாதீர்கள். வயிற்றெரிச்சலோடுதான் விட்டேன். என் கடைசி அட்டை. நீங்கள் கேட்டபடி டிராகன் இல்லாத அட்டை. இந்தாருங்கள், பிடியுங்கள். இப்போதாவது எழுதித் தொலையுங்கள்.

நோலீன்


நியூ நார்ஃபோக்
30 ஆகஸ்ட் 1995

செல்வி விக்கரிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டியிருக்கின்றன. கப்பலில் முகம் பார்த்திருந்தால் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு சந்தேகம். டிராகன் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புகைப்படத்தில் கிழவிக்கு அப்பால், பனிக்கு மேலே, சாம்பல் நிறத்தில் நீளமாக என்ன படுத்திருக்கிறது?

ஹி. ப்ரௌஸ்


நார்லேன்
6 செப்டம்பர் 1995

ப்ரௌஸுக்கு,

அது குன்று. அடிவானம் வெறிச்சென்று இருந்தது, ஏதாவது வேண்டுமே என்று போட்டேன். குன்று என்றால் என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கட்டு வந்தது. கடைசி அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு கொட்டகைக்குப் போய், அட்டைக்கு முன்னால் போட்ட வர்ண மாதிரியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு, இடுப்பு, முன்காலில் தலை. ஒன்பது வயதிலிருந்து வரைய முயன்று வராதது, வேண்டாமென்று விட்ட அன்றைக்கு வந்து படுத்திருக்கிறது. கொட்டகையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டு ஷெரில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருடி செத்தது?" என்றாள். யாரும் சாகவில்லை என்றேன்.

நிற்க, பிரச்சினை வந்திருக்கிறது. க்ளைவும் உங்கள் பிரதியைப் படித்துவிட்டார்.

"நோல், ஆறு புத்தகத்துல டிராகன் இல்ல, நாம அட்டையில போட்டோம். இப்ப அந்த ஆளே உள்ள வச்சிருக்காரு, நீ வெளிய போடலைங்கிற. என்ன ரெண்டு பேரும் சேந்து என்னை ஓட்டுறீங்களா?"

"இருக்கு க்ளைவ். பின்னாடி பாரு."

"அது மலை."

"நல்லா பாரு."

"நான் பாத்து என்ன பண்றது? கடைக்காரன் பாக்கணும்ல? ஒரு றெக்கை போடு. ஒண்ணே ஒண்ணு, ஓரமா. இல்லைன்னா இங்க பையன் கம்ப்யூட்டர்ல ஒட்டிருவான், சொல்லிட்டேன்."

படம் அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் ஒப்புதல் வரி எதுவும் கிடையாது. மறுபடியும் வெள்ளையடித்து ஆட்டுக்கறி எழுதப் போகிறார்கள். இரண்டாம் தடவை உங்களிடம் கேட்கிறேன். மூன்றாம் தடவை கேட்க மாட்டேன்.

நோலீன்


நியூ நார்ஃபோக்
11 செப்டம்பர் 1995

செல்வி விக்கரிக்கு,

பதிப்பகத்துக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பியதன் நகல்:

'ஒப்பந்தத்தில் எனக்குள்ள உரிமையைப் பதினாறு ஆண்டுகளில் முதல் தடவையாகப் பயன்படுத்துகிறேன். ஏழாம் அட்டைக்கு என் ஒப்புதல் உண்டு, இப்போது இருக்கிறபடி மட்டும். சிறகோ, நெருப்போ, செதிலோ, ஒரு கண்ணோ சேர்க்கப்பட்டால் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அட்டையில் டிராகன் தெரியவில்லை என்பவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். ஓவியரின் பெயர் என் பெயருக்கு இணையான அளவில் இருக்க வேண்டும்.'

கடைசி வாக்கியத்தைப் படித்துத் தலைக்கனம் ஏற வேண்டாம். உங்கள் குதிரைக்கு முழங்கால் இன்னமும் பின்பக்கம்தான் மடிகிறது.

ஹி. ப்ரௌஸ்


நியூ நார்ஃபோக்
3 மே 1996

நோலீன்,

புத்தகம் வந்துவிட்டது. மேசைமேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை திரும்பக் கட்டவில்லை.

வாசகர்கள் வழக்கம்போல. பல்லரட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். 'ஆறு புத்தகங்களில் டிராகன் அட்டையில் இருந்தது, உள்ளே இல்லை. ஏழாவதில் உள்ளே இருக்கிறது, அட்டையில் இல்லை. நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே கிடையாதா?' முட்டாள். ஆனாலும் கேள்வி நியாயமானது.

டெவன்போர்ட்டிலிருந்து மெல்பர்னுக்குக் கப்பல் இருக்கிறது. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கூட்டம் ஒத்துக்கொள்ளாது. நீங்களும் ஒத்துக்கொள்வீர்களென்று தோன்றவில்லை. ஆனால் நான் எழுதியதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். வரலாமா?

ஹியூபர்ட்


நார்லேன்
10 மே 1996

ஹியூபர்ட்,

நீங்கள் எழுதியதா? எழுதுவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்தது.

ஜூன் மாதம் வாருங்கள், குளிர்காலத்தில். அப்போதுதான் பனி தரையோடு நிற்கும். கம்பளிப் போர்வை எடுத்து வாருங்கள், என்னிடம் இருப்பது ஒன்றுதான், தரமாட்டேன். ஐஸ்பெட்டியைத் திறக்கும் முன் தட்டிவிட்டுத் திறங்கள். என் சமையலைப் பற்றியோ குதிரை முழங்காலைப் பற்றியோ பேச்செடுத்தால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவேன்.

விடியும் முன்னால் எழுப்புவேன். பின்வாசல் படியில் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது, நெருக்கித்தான் உட்கார வேண்டும். முதலில் குன்றுதான் தெரியும். உடனே வாயைத் திறந்து எதையாவது சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். அதற்கு வயிறு ஏறி இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

நோல்